பாவித்த லெப்டொப்: விழிக்கச் சுணக்கம், உறங்க மறுப்பு

நமது வியாபாரிகளின் காசு மேசையில் கிடந்த தடித்த கணக்குப் புத்தகத்தின் இடத்தை லெப்டொப் பிடித்துக்கொண்டு பல வருடங்களாகிவிட்டன. இருப்புக் கணக்கு, கடன்காரர் பட்டியல், காசோலைத் திகதி எல்லாம் இன்று அதற்குள்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பும் அதிலேயே நடக்கின்றது. ஆனால் புதிய லெப்டொப் ஒன்றின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்டது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர், அதே வருடம் மே மாதமாகும்போது 360 ரூபா வரை ஏறியதை எவரும் மறந்திருக்க முடியாது. இறக்குமதிப் பொருளான லெப்டொப்பின் விலையும் அதனோடு சேர்ந்தே ஏறியது. அதனால்தான் கையில் அளவான பணத்தோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கும் போகின்றவர்கள் பலர், "பாவிச்சது நல்லது ஒண்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

பாவித்த பொருளை வாங்குவதில் குறையொன்றுமில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிக்கும் அலுவலக ரக லெப்டொப்கள் உறுதியானவை. கழற்றிப் பூட்ட இலகுவானவை. அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவு ரகங்களை விட அவை நன்றாக உழைப்பதுமுண்டு.

எனினும் பாவித்த லெப்டொப் வாங்கியவர்களிடமிருந்து இரண்டு முறைப்பாடுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஒன்று, ஒன் பண்ணினால் எழும்பி வேலைக்கு வர வெகுநேரமாகிறது. மற்றது, மூடியை மூடினால் ஒழுங்காக உறங்குவதில்லை, உறங்கினால் ஒழுங்காக எழும்புவதில்லை. இந்த இரண்டோடும் திருத்தும் கடைக்குப் போனால் சில இடங்களில் கிடைக்கும் பதில், "மதர்போட் பழுது" என்பதாகும். இந்தச் சொல் மிகவும் விலை கூடிய சொல். சுணக்கமும் உறக்கக் கோளாறும் நோயின் அறிகுறிகளேயன்றி நோயல்ல. நோய் எதுவென்று அறியுமுன் மருந்துக்குக் காசு கொடுப்பது வியாபாரி செய்யும் வேலையல்ல.

32,000 ரூபாவா, 17,500 ரூபாவா?

2024ஆம் ஆண்டில் எனது சகோதரியின் மகள் 78,000 ரூபாவுக்குப் பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கினார். எட்டாம் தலைமுறை ஐ5 புரொசஸர், 4 ஜீ.பி. ரெம், பழைய முறை ஹார்ட் டிஸ்க். வீட்டிலிருந்தபடியே நான்கு சிறிய கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது அவரது வருமானம். இரண்டாவது வாரத்திலேயே தொல்லை ஆரம்பமானது. ஒன் பண்ணினால் வேலை செய்யக்கூடிய நிலைக்கு வர ஏழு நிமிடம். தொழுகைக்காக மூடியை மூடிவிட்டுப் போய் வந்து திறந்தால் கறுப்புத் திரை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மீண்டும் எழுப்ப வேண்டும். அவ்வாறு அணைத்த ஒரு மாலையில், ஒரு கடையின் மாத இறுதிக் கணக்கு சேமிக்கப்படாமலே அழிந்து போனது. கடைக்காரர் கோபித்துக்கொண்டார். இன்னொரு முறை இவ்வாறு நடந்தால் அந்த வேலை கையை விட்டுப் போய்விடும் என்ற நிலை.

திருத்தும் இடமொன்றில் 32,000 ரூபா கேட்டார்கள். காரணம் வழக்கமானதுதான், மதர்போட். காசு கொடுக்க வேண்டாமென்று சொல்லி, எங்கள் தெருவில் திருத்த வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் நான் அதைக் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நானா, இதுக்குள்ள இருக்கிற கணக்கெல்லாம் வேற எங்கயாவது கொப்பி பண்ணி இருக்கா?" என்பதே. இல்லையென்றதும் முதலில் அதைச் செய்தார். பிறகுதான் சொன்னார்: "மதர்போட் போனா சாமான் பெரும்பாலும் ஒன்னே ஆகாது. இது ஒவ்வொரு நாளும் ஒன் ஆகுது, ஆனா சுணங்குது. மொதல்ல டிஸ்கப் பார்ப்பம்."

பார்த்ததில் விடயம் வெளிச்சமானது. ஹார்ட் டிஸ்க் 19,000 மணித்தியாலங்கள் ஓடியிருந்தது. ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் என்று வைத்தாலும் 1,900 நாட்கள். அதில் வாசிக்க முடியாமல் தடுமாறும் பகுதிகளும் தோன்றியிருந்தன. 4 ஜீ.பி. ரெம், எந்த வேலையும் திறக்காமலே பெரும்பகுதி நிரம்பியிருந்தது. விற்ற கடையில் விண்டோஸைப் பதிந்தபோது, அந்த லெப்டொப்புக்குரிய டிரைவர்களை உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுக்காமல் பொதுவான ஏதோ ஒரு தொகுப்பைப் போட்டிருந்தார்கள். கறுப்புத் திரைக்குக் காரணம் அதுதான்.

256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. 8,500 ரூபா, 8 ஜீ.பி. ரெம் 6,500 ரூபா, கூலி 2,500 ரூபா. மொத்தம் 17,500 ரூபா. உரிய டிரைவர்களைப் பதிந்து, பயோஸையும் புதுப்பித்த பின்னர் ஏழு நிமிடம் அரை நிமிடத்துக்கும் குறைவாகியது. மூடியைத் திறந்தால் திரையும் திறக்கின்றது. மதர்போட்டில் எவரும் கை வைக்கவில்லை.

அந்தத் தம்பி பின்பற்றிய ஒழுங்கு எந்த லெப்டொப்புக்கும் பொருந்தக்கூடியது. செலவில்லாத சோதனை முதலில், மலிவான மாற்றம் அடுத்தது, விலை கூடியது கடைசியில். அந்த ஒழுங்கையே வாசகர்களுக்காகக் கீழே விளக்குகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னர் உங்கள் தகவல்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தடுமாறும் டிஸ்க் ஒன்று சோதனையின் நடுவிலேயே நின்றுபோகலாம்.

சுணக்கம் எந்த இடத்தில்?

கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு லெப்டொப்பை ஒன் பண்ணுங்கள். எழும்பும் நேரத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நேரம் போகிறதோ அங்குதான் கோளாறு இருக்கின்றது.

முதலாவது கட்டம், பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸின் சுழலும் வட்டம் தெரியும் வரை. இங்கு விண்டோஸ் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. எனவே சுணக்கம் இங்கேயென்றால் விண்டோஸை எத்தனை முறை மீளப் பதிந்தும் பயனில்லை. அலுவலகங்களிலிருந்து வந்த லெப்டொப்களில் ஒரு விசேட காரணம் உண்டு. நிறுவனங்கள் வலையமைப்பின் ஊடாக விண்டோஸைப் பதிவதற்காக, 'முதலில் நெட்வேர்க்கில் தேடு' என்று பயோஸில் அமைத்திருப்பார்கள். நமது வீட்டில் அப்படியொரு வலையமைப்பு கிடையாது. இயந்திரம் ஒவ்வொரு முறையும் அதைத் தேடிக் களைத்த பின்னர்தான் டிஸ்குக்கு வரும். பயோஸில் பூட் ஒழுங்கை மாற்றி டிஸ்கை முதலிடத்தில் வைத்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை. யு.எஸ்.பி. பென் ஒன்று குத்தப்பட்டபடி இருந்தாலும் இதே சுணக்கம் ஏற்படலாம்.

ஒவ்வொரு முறையும் திகதியும் நேரமும் பிழையாகிறதா? ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி எழுத்துகள் வருகின்றனவா? அப்படியாயின் மதர்போட்டிலுள்ள சிறிய நாணய வடிவ பெட்டரி தீர்ந்திருக்கலாம். திகதி பிழையானால் வங்கித் தளங்களும் திறக்க மறுக்கும். பார்ப்பவருக்கு அது பெரிய பழுதாகத் தோன்றும். பல லெப்டொப்களில் அது சில நூறு ரூபாக்களில் கிடைக்கும் சாதாரண நாணய பெட்டரியே.

இரண்டாவது கட்டம், சுழலும் வட்டத்திலிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை. நேரம் இங்கே போனால் பெரும்பாலும் டிஸ்க்தான். பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழல, ஊசி போன்ற கையொன்று அங்குமிங்கும் ஓடித் தகவல்களை வாசிக்கிறது. லெப்டொப்களில் அத்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகள் டிஸ்கின் பல மூலைகளிலிருந்து கேட்கப்படுகின்றன. அந்தக் கை எல்லா இடத்துக்கும் ஓட வேண்டியுள்ளது. எஸ்.எஸ்.டி.யில் ஓடுவதற்கு எதுவுமில்லை, சிப்பிலிருந்து நேரடியாக வாசிக்கிறது. பழைய லெப்டொப் ஒன்றுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை என்றே சொல்லலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் டிஸ்க் என்ற நிரலில் 100 வீதம் தொடர்ந்து நிற்குமாயின் மூச்சுத் திணறுவது டிஸ்க்தான். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது, அதில் பழுதான பகுதிகள் உண்டா என்பதைக் காட்டும். நீல நிறத்தில் 'குட்' என்றிருந்தால் நல்லது. மஞ்சளில் 'கோஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ வந்தால் அன்றைக்கே பிரதி எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது கட்டம், கடவுச்சொல் கொடுத்த பின்னர் வேலை செய்யக்கூடிய நிலை வரும் வரை. இங்கு சுணங்கினால் தானாக ஆரம்பிக்கும் மென்பொருட்கள் அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குச் சென்றால் அவற்றின் பட்டியலும், எது எவ்வளவு சுமை என்பதும் தெரியும். தேவையற்றவற்றை டிசேபள் செய்யுங்கள். இதனால் மென்பொருள் அழியாது, தானாக ஆரம்பிப்பது மட்டுமே நிற்கும். இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். இரண்டு காவற்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு நின்றால் கடைக்குள் எவரும் நுழைய முடியாது.

ரெம்மையும் இதே இடத்தில் பார்க்கலாம். இன்றைய பாவனைக்கு 4 ஜீ.பி. போதாது. 8 ஜீ.பி. இருக்க வேண்டும். ரெம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்கையே ரெம்மாகப் பாவிக்கத் தொடங்கும். டிஸ்கும் பழையதென்றால் சுணக்கம் இரட்டிப்பாகும்.

திருட்டு விண்டோஸ்

இந்த மூன்றாவது கட்டத்தோடு தொடர்புடைய இன்னொரு விடயமும் உண்டு. உரிமமில்லாத விண்டோஸைப் பதிந்து, அதை 'அக்டிவேட்' செய்ய எங்கிருந்தோ இறக்கிய சிறு மென்பொருளொன்றைச் சில கடைகளில் போட்டு விடுகிறார்கள். அது ஒவ்வொரு முறையும் பின்னணியில் ஓடும். அதற்குள் வேறு என்ன ஒளிந்திருக்கின்றது என்பதைப் போட்டவரும் அறியார். அந்த லெப்டொப்பில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்.

இதற்கு அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்திய விண்டோஸுடன் தொழிற்சாலையிலிருந்து வந்த லெப்டொப்களில் உரிமத் திறவுகோல் மதர்போட்டிலேயே பதிந்திருக்கும். 8 ஜீ.பி. பென் ஒன்றில் மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து இலவசமாக விண்டோஸை இறக்கி, அதே பதிப்பைப் பதிந்தால், பொதுவாக அது தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். ஹலாலான வழி இலவசமாக இருக்க, திருட்டு வழியை ஏன் நாட வேண்டும்?

அணைத்தும் அணையாத இயந்திரம்

சுணக்கத்துக்கும் உறக்கத்துக்கும் இடையில் நிற்கும் ஓர் அம்சமுண்டு. 2012இல் விண்டோஸ் 8 வெளியானபோது பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற முறை அறிமுகமானது. இதன்படி ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அதன் உட்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துத் தொடர்கின்றது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுமையாக அணைந்து புதிதாக எழும்புகின்றது. எனவே தினமும் அணைக்கிறோம் என்று நினைப்பவரின் லெப்டொப்பில் வாரக்கணக்கான குப்பை தொடர்ந்துகொண்டிருக்கலாம்.

சோதனை எளிது. ஷட்டவுன் செய்து ஒன் பண்ணும்போது வரும் தொல்லை, ரீஸ்டார்ட் செய்யும்போது வராவிட்டால் சந்தேகம் இதன்மீதுதான். கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இதை நிறுத்தலாம். எஸ்.எஸ்.டி. உள்ள லெப்டொப்பில் இதை நிறுத்துவதால் பெரிய நட்டமில்லை.

உறக்கம் கெடுவது ஏன்?

ஸ்லீப் என்பது ரெம்முக்கு மட்டும் சிறிது மின்சாரம் கொடுத்து ஏனையவற்றை நிறுத்தி வைப்பது. பெட்டரி தீர்ந்தால் திறந்திருந்த வேலை போய்விடும். ஹைபர்னேட் என்பது ரெம்மிலுள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முற்றாக மின்சாரத்தை நிறுத்துவது. எழும்பச் சற்று நேரமெடுக்கும், ஆனால் பல நாட்களானாலும் வேலை அழியாது. இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது அவசியம்.

புதிய லெப்டொப்கள் பலவற்றில் மொடர்ன் ஸ்டேண்ட்பை என்ற மூன்றாவது முறையொன்று உண்டு. கைத்தொலைபேசியைப் போல, திரை அணைந்திருந்தாலும் உள்ளே சிறிது வேலை நடந்துகொண்டிருக்கும். மூடிப் பைக்குள் வைத்த லெப்டொப் சுட்டுக் கிடப்பதும், இரவு நிறைந்திருந்த பெட்டரி காலையில் தீர்ந்திருப்பதும் பல வேளைகளில் இதனால்தான். இதற்குச் சிறந்த மருந்து, மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படி அமைப்பது. மேற்சொன்ன பவர் ஒப்ஷன்ஸ் பகுதியிலேயே இதையும் செய்யலாம். நாள்தோறும் கடைக்கும் வீட்டுக்கும் லெப்டொப்பைத் தூக்கித் திரியும் வியாபாரிகளுக்கு இதுவே பாதுகாப்பானது.

உறங்கிய லெப்டொப் எழும்பாமல் கறுப்புத் திரையோடு நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிஸ்பிளே டிரைவரையும் சிப்செட் டிரைவரையும் பயோஸையுமாகும். உங்கள் லெப்டொப்பின் மாதிரி இலக்கத்தைக் கொடுத்து உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்தே அவற்றை எடுங்கள். ஒன்றை மறவாதீர்கள். பயோஸைப் புதுப்பிக்கும்போது சார்ஜர் குத்தியிருக்க வேண்டும், நடுவில் மின்சாரம் நிற்கக்கூடாது. மின்வெட்டு நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம். டிவைஸ் மெனேஜரில் டிஸ்பிளே என்ற இடத்தில் மைக்ரோசொப்ட் பேசிக் என்று தொடங்கும் பெயர் இருந்தால் உரிய டிரைவர் போடப்படவே இல்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். அப்படியான லெப்டொப்பில் ஸ்லீப் என்ற தெரிவே காணாமற் போயிருக்கும்.

உறங்கியது தானாக விழித்துக்கொள்ளுமாயின், யார் எழுப்பினார் என்று விண்டோஸிடமே கேட்கலாம். கட்டளைத் திரையைத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லுடன் சி, எப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடிட்டு, 'லாஸ்ட்வேக்' என்பதை ஒரே சொல்லாக எழுதினால், கடைசியாக எழுப்பியது எதுவெனக் காட்டும். பெரும்பாலும் மவுஸ் அல்லது நெட்வேர்க் கார்ட் என்று வரும். டிவைஸ் மெனேஜரில் அதைத் திறந்து, பவர் மெனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்பும் அனுமதியை நீக்கிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடி மூடப்பட்டதை லெப்டொப் அறிவது பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தின் மூலமாகும். காந்தம் வைத்த தொலைபேசி உறையையோ காந்தப் பட்டியுள்ள கைக்கடிகாரத்தையோ கீபோர்டின் ஓரத்தில் வைத்தால், மூடி மூடப்பட்டதாக எண்ணி லெப்டொப் உறங்கிவிடும். ஒரு லெப்டொப்பின் மேல் இன்னொன்றைத் திறந்து வைத்தாலும் இதே கதைதான். வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென உறங்கிப் போகும் லெப்டொப்பை மதர்போட் மாற்றக் கொண்டுபோகுமுன் மேசையைப் பாருங்கள்.

பெட்டரியும் சார்ஜரும்

மேற்சொன்ன கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின்னர் 'பெட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதினால் ஓர் அறிக்கை கிடைக்கும். பெட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் அதிலுண்டு. 48,000 என்று இருந்தது 27,000 ஆகியிருந்தால் எஞ்சியிருப்பது 56 வீதம். 50 வீதத்துக்குக் கீழே சென்றிருந்தால் புதிய பெட்டரியின் விலையையும் லெப்டொப்பின் விலையோடு சேர்த்தே பேரம் பேச வேண்டும். டச்பேட் மேலெழும்பியோ அடிப்பாகம் வீங்கியோ இருந்தால் அந்த லெப்டொப்பைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். வீங்கிய பெட்டரி தீப்பற்றக் கூடியது.

சார்ஜரையும் கவனிக்க வேண்டும். பாவித்த லெப்டொப்புடன் எந்தச் சார்ஜரையாவது கொடுத்து விடுவது வழக்கமாகிவிட்டது. சில லெப்டொப்கள் தமது சார்ஜரின் வலுவை அடையாளம் காண்கின்றன. அடையாளம் காண முடியாவிட்டால் பெட்டரியைச் சார்ஜ் செய்யாமல் விடுவதுடன் புரொசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்கின்றன. ஒன் பண்ணும்போது சார்ஜர் பற்றிய எச்சரிக்கை வந்தால், சுணக்கத்துக்குக் காரணம் லெப்டொப்புக்கு வெளியே, மேசைக்குக் கீழே கிடக்கலாம்.

வாங்குமுன் இருபது நிமிடம்

இத்தனையும் வாங்கிய பின்னர் செய்பவை. வாங்குமுன் கடையிலேயே இருபது நிமிடம் ஒதுக்கினால் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். முழுமையாக அணைத்து ஒன் பண்ணி நேரத்தைப் பாருங்கள். மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறவுங்கள். டிஸ்கின் நிலையையும் பெட்டரி அறிக்கையையும் காட்டச் சொல்லுங்கள். சார்ஜரைக் கழற்றி வைத்துச் சற்றுநேரம் பாவித்துப் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸரும் தேவை. ஆறாம், ஏழாம் தலைமுறை லெப்டொப் மலிவாகக் கிடைப்பதன் இரகசியம் இதுவே. அது பயனற்றதல்ல, ஆனால் அதற்கேற்ற விலைக்கே வாங்க வேண்டும்.

பயோஸுக்குள் நுழைந்து பார்க்கவும் தவறாதீர்கள். கடவுச்சொல் கேட்டால் முன்னைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் நீங்கவில்லை. அதேபோன்று விண்டோஸை மீளப் பதிந்து இணையத்தோடு இணைக்கும்போது ஏதோவொரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் தோன்றி அதன் கணக்கைக் கேட்குமாயின், அந்த லெப்டொப் இன்னும் அந்நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கின்றது. அதை முறையாக நீக்கக்கூடியவர் அந்நிறுவனத்தாரே. அது களவுப் பொருளாகவும் இருக்கலாம். அப்படியானதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாமென்று வைத்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம், அது எவற்றுக்குப் பொருந்தும் என்பவற்றை எழுதி வாங்குங்கள். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் இருக்கின்றது. ஏமாற்றப்பட்டவர் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். வாங்கி மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும். கையில் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாட்டுக்கு உயிரில்லை.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை

பாவித்த லெப்டொப் வியாபாரத்தில் நமது சகோதரர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். அவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னபோது நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மிலிருந்து விலக்கிப் பேசியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவமாகும். லெப்டொப்பின் வெளிப்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி, உள்ளே தடுமாறும் டிஸ்கை மறைத்து விற்பதற்கும் அந்த ஈரத் தானியத்துக்கும் என்ன வித்தியாசம்? அந்த வியாபாரியாவது மழையைக் காரணம் காட்டினார்.

விற்பவருக்கு மறைந்த குறையைத் தெரிந்துகொள்வது இன்று கடினமல்ல. நான் மேலே சொன்ன சோதனைகள் அனைத்தும் இலவசம். டிஸ்கின் நிலை, பெட்டரியின் வீதம், எழும்பும் நேரம் ஆகிய மூன்றையும் சிறு தாளில் எழுதி லெப்டொப்பின் மேல் ஒட்டி விற்றால் என்ன? பெட்டரி 56 வீதம் என்று எழுதியதால் இரண்டாயிரம் ரூபா குறைத்துக் கேட்கப்படலாம். ஆனால் வாங்கியவர் அடுத்த வாரம் சண்டைக்கு வரமாட்டார், தன் நண்பரை அழைத்துக்கொண்டு வருவார். மறைந்த குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்பர். "கடையை விட்டு இறங்கினால் பொறுப்பில்லை" என்று பற்றுச்சீட்டில் அச்சடித்திருப்போர் அதன் சட்டம் என்னவென்று உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

திருத்துவோருக்கும் இதுவே பொருந்தும். வாடிக்கையாளருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அவர் உங்கள் வாய்ச் சொல்லை நம்பியே பணம் தருகிறார். டிஸ்கைப் பார்க்காமலே மதர்போட் என்று சொல்வது அந்த அமானிதத்தில் கை வைப்பதாகும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பழுது எதுவெனப் பெயர் சொல்லிக் காட்டாத எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் சுணங்குகிறது, எப்போது உறங்க மறுக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு போனால், திருத்துபவரும் உங்களோடு கவனமாகவே பேசுவார். வாங்கலிலும் விற்றலிலும் உண்மை பேசும் நஸீபையும், அதில் பரகத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.